மற்றக் கொப்பியில் வருவா

டிஸ்னியின் பம்பி என்ற கீறின படத்தில் தாய்மான் சாகிற இடத்தைப் பிள்ளைகளுக்கு ஓட்டிவிட்டுக் காட்டவேண்டுமா, உள்ளது உள்ளபடி காட்டவேண்டுமா என்று எங்கள் வீட்டில் தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. மாமியின் மகன் பிரான்சிலிருந்து வந்தபோது ஒரு பை நிறைய டிவிடி கொண்டுவந்து தந்தான். தன் பிள்ளைகள் இப்போது இதையெல்லாம் தொடுவதே இல்லை, எல்லாம் கைபேசியில்தான் என்றான். அதற்குள் பம்பியும் இருந்தது. மகளுக்கு ஆறு வயது. என் கணவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாய் சாகிற இடம் ஒண்டு வரும், அதைத் தாண்டி விடும்" என்றார். "நாங்கள் பாத்தது காணும். அவளுக்கு என்ன அவசரம்?" இவர் போர் நடந்த வன்னியில், மல்லாவியில் வளர்ந்தவர். அந்த "நாங்கள் பாத்தது" என்பதற்குள் என்னென்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். இதை வாசிக்கிற உங்களில் பலருக்கும் தெரியும். லேசாகத் தட்டிவிடக்கூடிய பேச்சு இல்லை அது. எனக்கு உடனே மறுமொழி வரவும் இல்லை. ஏனென்றால் சின்ன வயதில் அந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நான் பார்த்த பம்பியில் தாய் சாகவில்லை.

வளர்ந்தபின் பம்பியின் தாய் சாவதைப் பற்றிப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உலகம் முழுக்கப் பிள்ளைகள் அழுத இடம் அது. கேட்கும்போதெல்லாம், இவர்கள் சொல்வது வேறு ஏதோ பம்பி, எங்களுடையது இல்லை என்றுதான் மனம் சொல்லும். அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு அவசரமும் இருக்கவில்லை. டிவிடி கைக்கு வந்த பிறகுதான் அந்த இடம் என்னை உறுத்தத் தொடங்கியது.

நிறமில்லாத காடு

2002 இல், சண்டை ஓய்ந்தபோது, வன்னிக்கூடாக யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்தது. அடுத்த வருடம் பள்ளிக்கூட விடுமுறையில் மாமி வந்தா. வெளிநாட்டுச் சொந்தங்கள் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பையை இறக்கி, திறந்து காட்டி, திரும்ப ஏற்றி, உடம்பெல்லாம் புழுதியோடு எங்கள் முத்தையன்கட்டு வளவுக்குள் வந்து இறங்குவது ஊருக்கே புதினமாக இருந்த காலம். மாமியின் பையில் சொக்லேற்றும் சவர்க்காரமும் மகனுக்குச் சின்னதாகிப்போன சட்டைகளும் இருந்தன. அடியில், அவன் பார்த்து முடித்த வீடியோ கொப்பிகள். டெக்கும் ரீவியும் பெரியப்பா வீட்டில்தான் இருந்தன. மின்சாரம் ஊரில் எவரிடமும் இல்லை. ஜெனரேற்றரை வாடகைக்கு எடுத்து, சத்தம் கேட்காத தூரத்தில் பலாமரத்துக்குப் பின்னால் வைத்து, வயரை இழுத்து, ரீவியை முற்றத்தில் மேசையில் ஏற்றினார்கள். பக்கத்து வளவுகளின் பிள்ளைகள் எல்லாம் சாக்கோடும் பாயோடும் வந்துவிட்டார்கள்.

படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. பெரியப்பா ரீவியின் பொத்தான்களைத் திருகினார். கொப்பியை வெளியே எடுத்து ஊதினார். டெக்கைத் திறந்து ஹெட்டைத் துடைத்தார். வேறு தமிழ்ப்படம் ஒன்றைப் போட்டால் நிறமாக ஓடியது. இதைப் போட்டால் திரும்பவும் கறுப்பு வெள்ளை. காரணம் எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. பிரான்சில் ஒளிபரப்பும் வீடியோவும் செக்காம் முறையில் இருந்தவை. இலங்கையில் பால் (PAL) முறை. இரண்டிலும் ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். அதனால் கொப்பி ஓடும், அசைவும் சரியாக வரும். நிறத்தைப் பதிகிற விதம் மட்டும் வேறு. அந்த நிறத்தை வாசிக்க எங்கள் டெக்குக்குத் தெரியாது. இதில் எதுவும் அன்று எங்களுக்குத் தெரியாததால், அந்தப் படமே அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டோம். பழைய படம், அதனால் நிறமில்லை என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்.

நிறம் மட்டுமா இல்லை? மொழியும் இல்லை. படம் முழுக்கப் பிரெஞ்சு. மாமி திரும்பிப் போவதற்கு முன்பே பெரியப்பாவின் மூத்தவவுக்குக் கதையைச் சொல்லிக் கொடுத்துவிட்டா. அக்கா அப்போது முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தவ. ரீவிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்து கதை சொல்லுவா. படத்தைப் பார்க்காமலே அடுத்து என்ன வருமென்று சொல்லுமளவுக்கு அவவுக்கு அது பாடம். மான்குட்டி முதல்முதல் எழும்பி நடந்து சறுக்கி விழும்போது அக்காவின் குரலும் தடுமாறும். முயல் கதைக்கும்போது மூக்கால் கதைப்பா. பம்பியில் பேச்சு மிகக் குறைவு. இசையும் அசைவும்தான் கதையைக் கொண்டுபோகும். அதனால் மொழி தெரியாத எங்களுக்கு அது பொருந்திய படம்தான்.

எங்களுக்கு மான் புதிதில்லை. குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் காடு. பயிர்க்காலத்தில் மானும் மரையும் வயலுக்குள் இறங்கும். ஆகவே படத்தைச் சும்மா பார்க்கவில்லை, குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே பார்த்தோம். பம்பி வளர வளர உடம்பிலிருந்த புள்ளிகள் இல்லாமல் போய்விடும். அதை நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. எங்கள் காட்டுப் புள்ளிமானுக்குச் சாகும்வரை புள்ளி போகாது. "வேற மானை மாத்திப்போட்டாங்கள்" என்று ஒருவன் அடித்துச் சொன்னான். படத்தில் வருவது அமெரிக்காவின் வெள்ளைவால் மான், அதன் குட்டிக்கு மட்டும்தான் புள்ளி என்பதை அன்று சொல்ல ஆள் இருக்கவில்லை. பனி கொட்டியபோது அதை இலவம்பஞ்சு என்றார்கள் சிலர். அக்கா "ஐஸ், ஐஸ்" என்று சொல்லிப் பார்த்தா. ஐஸ் வானத்திலிருந்து விழுமென்பதை அந்த வெயிலில் எவரும் நம்பவில்லை. ஆனால் பனிக்காலத்தில் தின்ன ஒன்றுமில்லாமல், தாய் மரப்பட்டையை உரித்துக் குட்டிக்குக் கொடுக்கிற இடத்தில் முற்றம் அமைதியாகிவிடும். அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. சாமான் வராத காலம் எல்லாருக்கும் ஞாபகத்தில் இருந்தது.

எங்கள் அப்புவும் பின்னால் சாய்மனைக் கதிரையில் இருந்து பார்ப்பார். இளமையில் இடியன் துவக்கோடு காடெல்லாம் திரிந்த மனிசன். கீறின படமெல்லாம் ஒரு படமா என்று முதலில் சொன்னவர், தாய்மான் புல்வெளிக்கு வருகிற இடத்தில் நிமிர்ந்து இருந்தார். அது வெளியில் இறங்குமுன் நின்று, மூக்கைத் தூக்கி, ஒரு காதை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் திருப்பும். அப்பு அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கீறினவன் மானைப் பாத்திருக்கிறான்" என்றார். அவருடைய வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. பின்னாளில் வாசித்தபோது அப்பு சொன்னது அப்படியே சரியென்று கண்டேன். டிஸ்னியின் ஓவியர்கள் பார்த்து வரைவதற்காக அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலிருந்து இரண்டு மான்குட்டிகளைக் கலைக்கூடத்துக்கே கொண்டுவந்து வளர்த்திருக்கிறார்கள். படம் 1942 இல் வந்தது. அதற்கு முன் வருடக்கணக்காக மானின் எலும்பையும் தசையையும் படித்திருக்கிறார்கள்.

அந்தப் புல்வெளியில்தான் அது நடக்கிறது. பனி உருகத் தொடங்கி முதல் புல் தலைகாட்டுகிறது. தாயும் குட்டியும் மேய்கின்றன. தாய் சட்டென்று தலையைத் தூக்குகிறது. ஓடு என்கிறது. இரண்டும் ஓடுகின்றன. பிறகு ஓடுகிற குட்டியை மட்டும்தான் பார்க்கிறோம். ஒரு வெடி. குட்டி பத்தைக்குள் வந்து சேர்ந்து, தப்பிவிட்டோம் என்ற சந்தோசத்தோடு திரும்பிப் பார்க்கிறது. தாய் இல்லை. அப்போது பனி கடுமையாகக் கொட்டத் தொடங்குகிறது. குட்டி வெளியே வந்து கூப்பிட்டுக்கொண்டே திரிகிறது. பெரிய கலைமான் ஒன்று பனிக்குள் நிற்கிறது. ஏதோ ஒரு வசனம் சொல்கிறது. குட்டி அதன் பின்னால் போகிறது. கறுப்பு வெள்ளையில் அந்தப் பனியில் எது நிலம், எது வானம் என்றே தெரியவில்லை.

என் நினைவில் அக்கா அந்த இடத்தில் சொன்னது இதுதான்: "தாய் அங்கால பத்தைக்குள்ள ஓடீட்டா. தகப்பன் வந்து இவரைக் கூட்டிக்கொண்டு போறார். தாய் மற்றக் கொப்பியில வருவா." எங்களுக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது. அப்போது கடைகளில் வந்துகொண்டிருந்த சீடிப் படங்கள் எல்லாம் இரண்டு மூன்று தட்டுகளில்தான் வரும். ஒரு தட்டில் 80 நிமிடத்துக்கு மேல் கொள்ளாது. முதல் தட்டு சண்டையின் நடுவில் நின்றுபோகும். மிச்சம் அடுத்ததில். ஆகவே பம்பிக்கும் இரண்டாவது கொப்பி ஒன்று இருக்கிறது, மாமி அதைப் பிரான்சில் விட்டுவிட்டு வந்துவிட்டா என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். இந்தக் கொப்பியிலேயே பம்பி வளர்ந்து பெரிதாகிக் கதை முடிந்துபோவது ஒரு பொருட்டாகவே படவில்லை. தாய் வராமல் எப்படிக் கதை முடியும்? மாமிக்கு எழுதிய கடிதத்தில் மற்றக் கொப்பியை அனுப்பச் சொல்லி நானும் ஒரு வரி எழுதிவிட்டேன். 2006 ஓகஸ்டில் பாதை மூடியது. அதற்குப் பிறகு கொப்பியைப் பற்றி யார் யோசித்தார்கள்?

சொல்லப்பட்டது ஒரு வசனம் மட்டும்

மகள் படுத்தபின் ஓரிரவு தனியாக இருந்து பார்த்தேன். தட்டில் பிரெஞ்சும் ஆங்கிலமும் இருந்தன. முதலில் பிரெஞ்சில்தான் போட்டேன். எனக்குப் பழக்கமான குரல்கள் வேண்டும்.

நிறத்துக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. தொடக்கத்தில் விடியல் வெளிச்சம் மரங்களுக்கிடையே மெல்ல நகர்ந்து போகிற அந்த நீண்ட காட்சி, எங்கள் முற்றத்தில் வெறும் சாம்பல். இங்கே பச்சைக்குள் நீலமும் பழுப்பும் புகாரும் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. இலைகளை ஒவ்வொன்றாக வரையவில்லை. பார்க்கிற கண் இலை என்று நினைத்துக்கொள்ளுமளவுக்கு மட்டும் தீட்டிவிட்டு, மிச்சத்தை வெளிச்சத்துக்கு விட்டிருக்கிறார்கள். பம்பி இன்னொரு கலைமானோடு கொம்பு பொருதுகிற சண்டை நாங்கள் பார்த்தபோது வெறும் நிழலாட்டம். அதில் இவ்வளவு சிவப்பும் ஊதாவும் ஒளிந்திருந்தன என்று யார் கண்டது? காட்டுத்தீயில் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அந்தக் காட்டுக்கு உருவம் கொடுத்தவர் டைரஸ் வோங். சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் 1910 இல் பிறந்தவர். சோங் வம்சத்து நிலக்காட்சி ஓவியங்களில் ஊறியவர். 1938 இல் டிஸ்னி கலைக்கூடத்தில் அடிமட்ட வேலைக்குச் சேர்ந்து, மான் படம் ஒன்று தயாராவதை அறிந்து, தானாகவே சில காட்சிகளைத் தீட்டிக்கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அதுவரை அவர்கள் வரைந்து வைத்திருந்த காட்டில் இலையும் கொடியும் நிறைந்து மான் அதற்குள் மறைந்துபோனதாம். வோங்கின் பாணியே படத்தின் பாணியானது. ஆனால் 1941 இல் கலைக்கூடத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின் பின்னால் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். படத்தில் பின்னணி ஓவியர்களில் ஒருவராக மட்டும் அவருடைய பெயர் போகிறது. உரிய மரியாதை கிடைத்தது 2001 இல். 2016 இல், 106 வயதில் காலமானார்.

இதில் எனக்குள் இறங்கியது வேறொரு விடயம். 1920 இல், சிறுவனாகத் தகப்பனோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர் அவர். சீனர்கள் வரத் தடை இருந்ததால் வேறொருவரின் பெயரில் செய்த பத்திரத்தோடு வந்து, ஏஞ்சல் தீவில் தகப்பனிடமிருந்து பிரித்துத் தடுத்துவைக்கப்பட்டு விசாரிக்கப்பட்டிருக்கிறார். தாயும் சகோதரியும் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். தாயை அவர் பிறகு ஒருபோதும் காணவில்லை. தாயில்லாத குட்டி தனியே கூப்பிட்டுத் திரிகிற காட்டைத் தீட்டியது அந்தக் கை. இதை எங்கேயோ தற்செயலாக வாசித்துவிட்டு அன்றைக்கு முழுக்க என்னால் வேறு வேலை செய்ய முடியவில்லை.

பிறகு அந்த இடம். திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். தாய் விழுவது இல்லை. இரத்தம் இல்லை. உடல் இல்லை. சுட்டவனும் இல்லை. இந்தப் படத்தில் மனிதன் தொடக்கம் முதல் முடிவுவரை கண்ணில் படுவதே இல்லை, வெடியும் தீயும் மட்டும்தான் வரும். எங்கிருந்து, யார் என்று தெரியாமல் சத்தத்தை மட்டும் கேட்டு ஓடுவது முற்றத்திலிருந்த எங்களுக்கு ஏன் விசித்திரமாகப் படவில்லை என்பதை இப்போதுதான் யோசிக்கிறேன். பிரெஞ்சை நிறுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றினேன். உன் அம்மா இனிமேல் உன்னோடு இருக்கமாட்டா என்ற பொருளில் அந்தக் கலைமான் ஒரேயொரு வசனம் சொல்கிறது. அவ்வளவுதான். செத்துவிட்டது என்றுகூடச் சொல்லவில்லை. உலகமே அழுத அந்தச் சாவு ஒரு வசனத்தில்தான் தொங்குகிறது. அந்த வசனத்தை மாற்றிச் சொன்னால், கண்ணுக்கு முன்னால் ஓடுகிற படம் அதை மறுக்காது. அக்காவின் கதை படத்தோடு முட்டாமல் நின்றதற்குக் காரணம் இதுதான்.

பீலிக்ஸ் சால்டன் 1923 இல் வெளியிட்ட மூல நாவலிலும் தாய் சாவது காட்டப்படவில்லை. பம்பி தன் தாயை அதன்பின் பார்க்கவேயில்லை என்பதோடு அந்த இடம் முடிந்துவிடும். வியன்னாவில் வாழ்ந்த யூத எழுத்தாளர் அவர். நாசிகள் 1936 இல் அந்த நாவலைத் தடைசெய்தார்கள். கடைசிக் காலத்தைச் சுவிற்சர்லாந்தில்தான் கழித்தார். இதே டிஸ்னி 1994 இல் எடுத்த லயன் கிங் படத்தில் தகப்பன் சிங்கத்தின் உடல் புழுதியில் கிடக்கும். குட்டி அதன் காதைப் பிடித்து இழுக்கும். அதைச் சீடியில் பார்த்துவிட்டு நாங்கள் எல்லாரும் அழுதோம். அங்கே எவராலும் வேறு கதை சொல்ல முடியாது. படமாக இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால் பம்பியைத்தான் சொல்வேன். ஆனால் பிள்ளைக்கு எது இலகு என்று கேட்டால், உடல் கிடப்பதுதானோ என்று சில நேரம் தோன்றும்.

அக்கா சொன்னது

அக்கா இப்போது ஒட்டுசுட்டானில் இருக்கிறா. ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். குசினியில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டே கதைத்தா.

"அக்கா, அந்த மான் படம் ஞாபகம் இருக்கோ?"

"ஏன் இல்லாமல்? கறுப்பு வெள்ளை மான்."

"தாய் மற்றக் கொப்பியில வருவா எண்டு சொன்னனீங்கள். அது மாமி சொல்லித் தந்ததோ, நீங்களா யோசிச்சதோ?"

துருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. "நான் சொல்லேல்லையடி."

எனக்கு விளங்கவில்லை. அக்கா சொன்னா: "மாமி எனக்கு வடிவாச் சொல்லிப்போட்டுத்தான் போனவ, தாயைச் சுட்டுப்போட்டாங்கள் எண்டு. முதல் நாள் நானும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தனான். பாத்தா அவன் எனக்கு முன்னுக்கு இருக்கிறான். எனக்கு வாய் வரேல்லை. தாய் எங்க, தாய் எங்க எண்டு கேட்டது நீ. நான் முழிச்சுக்கொண்டு இருக்க அவன்தான் உன்ரை பக்கம் திரும்பிச் சொன்னவன், அவ மற்றக் கொப்பியில வருவா எண்டு. நான் ஓம் எண்டு மட்டும் சொன்னனான். பிறகு ஒவ்வொரு நாளும் அதையே சொன்னன். படத்திலயும் அவ செத்ததைக் காட்டேல்லத்தானே."

அவன் என்று அக்கா சொன்னது பக்கத்து வளவுப் பெடியனை. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவன். அம்மம்மாவோடு இருந்தான். தாய் 1996 இல் கிளிநொச்சிப் பக்கம் நடந்த செல்லடியில் போனவ. அப்போது அவன் கைப்பிள்ளை மாதிரித்தான். தாயின் உடலை அவனுக்குக் காட்டவில்லை என்று ஊரில் பின்னர் கதைத்துக் கேட்டிருக்கிறேன். படம் ஓடும்போது அவன் எப்போதும் முன்வரிசையில்தான் இருப்பான் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த வசனம் அவனுடைய வாயிலிருந்து வந்தது என்பது எப்படியோ என் நினைவிலிருந்து அழிந்து, அக்காவின் குரலில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வீடு திரும்புகிற வழியெல்லாம் இதுதான் தலைக்குள். இவ்வளவு நாளும் நான் நினைத்திருந்தது என்ன? பெரியவர்கள் எங்களைக் காப்பாற்ற ஒரு கதை சொன்னார்கள், தாயில்லாத பிள்ளை நோகக்கூடாது என்று மறைத்தார்கள் என்று. அக்கா மறைக்கவில்லை, அவவுக்கு வாய் வரவில்லை. மறைத்தவன் அவன். அவனுக்குத் தன்னுடைய தாய் வரமாட்டா என்று தெரியாமல் இருந்திருக்க முடியாது. வெடிச் சத்தத்துக்குப் பிறகு ஒருவர் வராவிட்டால் அதற்கு என்ன பொருள் என்று அந்த முற்றத்தில் அவனைவிட நன்றாக அறிந்தவர் யார்? பக்கத்தில் இருந்த நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். என் அம்மா அப்போது குசினியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்திருப்பா. தாயுள்ள பிள்ளைக்குத்தான் அவன் அந்தக் கொப்பியை உண்டாக்கித் தந்தான். தனக்கும் சேர்த்துத்தானோ என்று கேட்டால், இருக்கலாம். அவனுக்கு இப்போது வவுனியாவில் குடும்பம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவில் கண்டால் சிரிப்போம். இதைப் பற்றி நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அவன் சொன்னதற்கு அவனிடமே விளக்கம் கேட்டு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதை எழுதும்போது கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2017 பெப்ரவரி 20 முதல், காணாமலாக்கப்பட்டவர்களின் அம்மாமார் அவர்களுடைய படங்களோடு அங்கே இருந்தார்கள். மரணச் சான்றிதழ் வேண்டாம் என்றார்கள். 2016 இல் சட்டம் கொண்டுவந்து, காணாமற்போனமைக்கான சான்றிதழ் தரலாம் என்றபோது அதையும் பலர் வாங்கவில்லை. ஒரு சிறுவர் படத்தையும் அவர்களுடைய துயரத்தையும் ஒன்றாகப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் இனி அவர் உன்னோடு இருக்கமாட்டார் என்று யாரோ வந்து ஒரு வசனம் சொல்ல, உடலையும் காட்டாமல், சுட்டவனையும் காட்டாமல், அதோடு கதையை முடித்துக்கொள் என்றால், முடிக்கமாட்டேன் என்று சொல்கிறவர்களை நம்பிக்கையில் ஏமாறுகிறவர்கள் என்று ஒருகாலமும் சொல்லமாட்டேன். அவர்களுக்கு எல்லாம் தெரியும். காட்டாததை ஏற்கச் சொல்லாதே என்கிறார்கள்.

பிறகு

மகளுக்குக் காட்டினோம். ஓட்டிவிடவில்லை. ஓட்டிவிட்டால் போவது வெடிச் சத்தம் மட்டுமில்லை. தாய் எங்கே என்று பிள்ளை கேட்கிற இடமும் அதோடு போய்விடும். கேட்கிற பிள்ளைக்குப் பக்கத்திலிருக்கிற இன்னொரு பிள்ளை மறுமொழி சொல்கிற இடமும் போய்விடும். இவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் இரண்டு மூன்று வருடம் பொறுக்கலாம், அதற்குள் படம் எங்கும் ஓடிப்போகாது என்பதுதான் அவருடைய கட்சி. ஆனாலும் கூடவே வந்து இருந்தார். ரிமோட் அவருடைய கையில்தான் இருந்தது. புல்வெளி வந்தபோது பெருவிரல் பொத்தானில் நின்றதைக் கண்டேன். அமத்தவில்லை.

மகள் அழவில்லை. பனிக்குள் கலைமான் வந்து நின்றபோது முகத்தைச் சுளித்தாள். "இந்த அப்பா இவ்வளவு நாளும் எங்க நிண்டவர்?" என்று கேட்டாள். இவர் யோசித்துவிட்டு, "வேலைக்குப் போயிருப்பார்" என்றார். "ஒரு நாளும் வீட்டுக்கு வரேல்லையே" என்றாள். உண்மைதான். படத்தில் அந்தத் தகப்பன் அதுவரை தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்தான். எங்கள் முற்றத்தில் இதை எவரும் கேட்டதில்லை. தகப்பன் வீட்டில் இல்லாமலிருப்பது எங்களுக்கு ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. தாயைப் பற்றி அவள் அன்றிரவு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மோட்டார் சைக்கிளில் முன்னாலிருந்து, "அந்த அம்மா மான் செத்துப்போச்சு என்னம்மா" என்றாள். ஓம் என்றேன். "எனக்கு அப்பவே தெரியும்" என்றுவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டாள்.

அக்காவுக்குப் போன் எடுத்து, படம் நிறத்தில் இருக்கிறது, வந்து பாருங்கோ என்றேன். இவ்வளவு காலமும் அவ அதை நிறத்தில் பார்த்ததில்லை. முதலில் மினக்கேடு என்றா. வெள்ளி விரதம், சனி சந்தை என்றா. தீயும் சண்டையும் எப்படி இருக்கிறது என்று சொல்லத் தொடங்கியதும், "சொல்லாத, பொறு" என்று தடுத்துவிட்டா. ஞாயிறு வருகிறா. தன் தங்கையின் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னா, சின்னவனுக்கு ஐந்து வயது. தமிழில் இருக்கிறதா என்று கேட்டா. இந்தத் தட்டில் பிரெஞ்சும் ஆங்கிலமும் மட்டும்தான் என்றேன்.

"அப்ப ஆரும் பக்கத்தில இருந்து சொல்லத்தானே வேணும்" என்றா.